இருபத்திமூன்று சீட்டும் ஒரு ஏப்ரனும்

எங்கள் கிளப்பில் சலவை பார்க்கிற அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. இருந்தாலும் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்காதான். அவள் என்னை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று நாங்கள் இன்றுவரை தீர்த்துக்கொள்ளவில்லை.

நான் அணியின் பஸ் ஓட்டுகிறவன். என் பஸ் நிற்கிற ஷெட்டுக்கும் அவளுடைய சலவை அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பதினேழு வருடமாக அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள் உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வலதுபக்க மெஷின் கடைசி சுற்றில் கடகடவென்று ஆடும். அப்போது அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். "இல்லைன்னா இது நடந்து கேட்டுக்கே போயிடும்ண்ணே" என்பாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியையும் பை பார்க்காமல் மெஷினில் போடமாட்டாள். டிராக் சூட், ஷார்ட்ஸ், கோட்டு, எதுவாக இருந்தாலும் இரண்டு பையையும் வெளியே இழுத்து, நாக்கு நீட்டுகிற மாதிரி தொங்கவிட்ட பிறகுதான் உள்ளே போகும். அப்படி அவள் எடுத்ததில் கல்யாண மோதிரம் உண்டு, வீட்டுச் சாவி உண்டு, யாரோ யாருக்கோ எழுதின கடிதம் உண்டு, ஒருதடவை மோதலில் விழுந்த பல்கூட உண்டு. எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, யாருடையது என்று கேட்காமல் அவரவர் இருக்கையில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். துணியை முகர்ந்தே யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

இதனால்தான் ஓட்டுச் சீட்டு அவள் கைக்கு வந்தது. ஆட்டக்காரர் சங்கம் வருடாவருடம் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு ஒரு விருது கொடுக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் ஆட்டக்காரர்கள்தான். ஒவ்வொரு கிளப்பிலும் ஆளுக்கு ஒரு சீட்டு. சொந்தக் கிளப் ஆளுக்குப் போடக்கூடாது. முடிவு வரும்போது எந்தக் கிளப்பிலிருந்து யாருக்கு எத்தனை விழுந்தது என்று ஒரு தாளில் அச்சடித்து எல்லாக் கிளப்புக்கும் அனுப்புவார்கள். முன்பு கேப்டன்கள்தான் சீட்டை வாங்கினார்கள். ஒரு வருடம் எங்கள் அப்போதைய கேப்டன் சோம்பேறிகளின் சீட்டை எல்லாம் தானே நிரப்பிவிட்டான். அதற்குப் பிறகு, ஆடாதவர், அதிகாரமும் இல்லாதவர் ஒருவர் வாங்கட்டும் என்று சங்கம் சொன்னது. டிரெஸ்ஸிங் ரூமே "அக்கா, அக்கா" என்று கத்தியது. அன்றிலிருந்து பதினோரு வருடம் அவள்தான்.

இந்த வருடம் அவளே வேண்டாம் என்றாள். காரணம் ஊருக்கே தெரியும். போட்டியில் இருக்கிற நாலு பேரில் ஒருவன் அவள் மகன்.

அவன் கோல்கீப்பர். முதலில் எங்கள் கிளப்பின் இளையோர் அணியில்தான் இருந்தான். பதினைந்து வயதில் வெளியே அனுப்பினார்கள். அனுப்பின கோச்சு அதைச் சொன்னது அக்கா அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. "கை குட்டைம்மா. கோல் கம்பம் அவனுக்கு எட்டவே எட்டாது." அக்கா மீதிக் கையையும் தேய்த்து, மடிப்பு கலையாமல் சட்டையை அவரிடம் கொடுத்தாள். அந்த ஆளை நான் அப்போதே நாலு கேள்வி கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

பையன் வேறு கிளப்பில் சேர்ந்து வளர்ந்தான். கை நீளவில்லை, ஆனால் கால் பறக்கக் கற்றுக்கொண்டது. இந்த வருடம் பதினாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தபோது எங்கள் கேப்டன் அடித்த பெனால்டியையே பிடித்துவிட்டான். அக்கா அதைப் பார்க்கவில்லை. சலவை அறை ஜன்னலில் ஒரு மூலைக் கொடி மட்டும்தான் தெரியும். ஆனால் காதால் ஆட்டம் பார்ப்பாள். "கூட்டம் கத்தினா நம்ம ஆளு கோல். கூட்டம் கப்சிப்புன்னு ஆச்சுன்னா என் பையன் பந்தைப் பிடிச்சுட்டான்னு அர்த்தம்." அன்றைக்குக் கூட்டம் கப்சிப்பென்று ஆனபோது மெஷின்மேல் உட்கார்ந்திருந்தவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"இந்த வருஷம் வேற யாராவது வாங்கிக்கட்டும் தம்பி" என்று கேப்டனிடம் சொன்னாள்.

"உங்களை நம்பாம வேற யாரை நம்பறது? பேசாம வாங்குங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

கேப்டன் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "கப்பு கிடைக்குதோ இல்லையோண்ணே, அது அவன் பாடு. இந்த ரூம்ல சட்டை கழட்டற இருபத்திமூணு பேர்ல எத்தனை பேர் என் பையன் பேரை எழுதுவாங்க? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்." அவனை வேண்டாம் என்ற கிளப் என்ன எழுதுகிறது என்பதுதான் அவளுக்குக் கணக்கு. எனக்குப் புரிந்தது.

ஓட்டுப் போட்ட நாள் பயிற்சி முடிந்து பதினொன்றரைக்கு எல்லாரும் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். சங்கம் அனுப்பின பிளாஸ்டிக் கூரியர் உறைக்குள் போட்டு, டேப் ஒட்டி, டேப்பின்மேல் கேப்டன் கையெழுத்துப் போட்டான். மாலை ஐந்து மணிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அணிக்கு மறுநாள் வெளியூரில் ஆட்டம். பஸ் நாலு மணிக்குக் கிளம்பவேண்டும். அதற்கு முன்னால் கிளப் வேனில் அக்காவை நான் அழைத்துப் போய்வருவதாக ஏற்பாடு.

ஒரு மணிக்கு ஷெட்டில் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் அக்கா கத்தினாள். பதினேழு வருடத்தில் அவள் கத்திக் கேட்டதில்லை.

ஓடிப்போனேன். வலதுபக்க மெஷினின் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க!"

பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். தண்ணீர் வடிந்து கதவு திறப்பதற்கு நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடத்தில்தான் சொன்னாள். உறை பத்திரமாக இருக்கட்டும் என்று தன் ஏப்ரனின் பெரிய பையில் வைத்திருந்தாளாம். பனியன்களை ஊறவைக்கும்போது சேற்றுத் தண்ணீர் ஏப்ரன்மேல் கொட்டிவிட்டதாம். கழற்றி, பனியன்களோடு சேர்த்து உள்ளே போட்டுவிட்டாள். ஊரார் பையை எல்லாம் பார்ப்பவள், தன் பையைப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. உறை முழுசாகத்தான் இருந்தது, ஆனால் டேப் உரிந்து தொங்கியது. கேப்டனின் கையெழுத்து நீலக் கறையாக ஓடியிருந்தது. உள்ளே சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன.

அவள் அழவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்து வைத்தாள். மேஜைமேல் துண்டு விரித்தாள். நகத்தின் நுனியால் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, எழுதின பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, மேலே இன்னொரு துணி வைத்துத் தேய்த்தாள். கண் சுவரில் இருந்தது, கை மட்டும் வேலை செய்தது. மகனின் பேர் எத்தனை என்கிற பதில் மொத்தமும் அந்தத் துண்டின்மேல் கிடந்தது. விரலால் திருப்பினால் போதும். திருப்பவில்லை.

"காஞ்சதை எடுத்து அடுக்குங்கண்ணே. கவிழ்த்தே அடுக்குங்க. பாக்காதீங்க."

"பாக்கலை."

"சத்தியமா?"

"அட, என் கண்ணாடி பஸ்ல இருக்குக்கா."

இருபத்திரண்டு சீட்டு தேறியது. ஒன்று மட்டும் பிரிக்கும்போதே கூழாகிவிட்டது. அதையும் ஒரு சோப்பு டப்பா மூடியில் வழித்து வைத்தாள்.

கேப்டனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதுக்கா இந்த முகம்? வேற உறை எடுங்க, டேப் ஒட்டுங்க, நான் கையெழுத்துப் போடறேன். கூழாப் போன ஓட்டு யாரோடதுன்னு கேட்டு, நானே மறுபடி எழுதி வாங்கித் தரேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"அக்கா..."

"தம்பி, உறை திறந்துடுச்சு. நானும் அண்ணனும் மட்டும்தான் கூட இருந்தோம். என் பையன் போட்டியில இருக்கான். நாளைக்கு ஒருத்தன் வாயைத் திறந்தா அவன் வாங்கற கப்புமேல கறை. நான் அந்தக் கறையைப் போக்கற சோப்பை இன்னும் பாக்கலை. திறந்துடுச்சுன்னு போய்ச் சொல்லப் போறேன்."

"சொன்னா மொத்தமும் செல்லாம போயிடும்க்கா. இருபத்திமூணும்."

"போகட்டும்."

சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கை உருவினாள்.

வேனில் போகும்போது சீட்டுக் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலும் சொல்லிவைத்த மாதிரி சிவப்பு. ஒருதடவைகூட அவசரப்படுத்தவில்லை.

சங்க அலுவலகம் இரண்டாம் மாடியில். மூன்று மணி ஐந்து நிமிடம். செயலாளர் அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர், கட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

"என்னம்மா இது, சுடச்சுட இருக்கு?"

அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஏப்ரன், மெஷின், இஸ்திரி, கூழ். எதையும் குறைக்கவில்லை.

"நீங்க அந்த கோல்கீப்பரோட அம்மா இல்ல?"

"ஆமாங்க."

"சீட்டைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

செயலாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"உறை திறந்தா ஓட்டு செல்லாது. அதுல மாத்தம் இல்ல." சீட்டு முழுவதையும் எடுத்து, மேஜைக்குக் கீழே இருந்த தாள் கிழிக்கிற மெஷினுக்குள் கொத்துக் கொத்தாக விட்டார். கர்ர்ரென்று ஒரு சத்தம். இருபத்திரண்டு பேர் எழுதினதும் நூல் நூலாகக் கூடையில் விழுந்தது. அக்கா அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு டப்பா மூடியையும் நீட்டினாள். அதையும் வாங்கிக் கவிழ்த்தார்.

பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு புதுச் சீட்டுக் கட்டும் உறையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "மணி மூணு இருபது. அஞ்சுக்குள்ள எல்லாரும் புதுசா எழுதி, ஆட்டக்காரர் இல்லாத ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தா எடுத்துக்கறேன். அஞ்சு ஒண்ணுன்னா எடுக்கமாட்டேன். எங்கிட்ட கெஞ்சக் கூடாது."

நான் படியில் பாதி இறங்கிவிட்டேன். பின்னால் காலடி கேட்கவில்லை. திரும்பிப் போனேன். அக்கா அங்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"வாங்கக்கா!"

"நான் வரலைண்ணே. என் மூஞ்சியைப் பாத்தா பாவம்னு எழுதுவாங்க. பாவத்துல விழற ஓட்டு எனக்கு வேணாம். நீங்க போங்க."

நான் வேனை ஓட்டின ஓட்டுக்கு இன்றைக்கும் என் லைசென்ஸ் என்னிடம் இருப்பது ஆச்சரியம்தான். மூன்று நாற்பத்தைந்துக்கு மைதானம். எல்லாரும் பையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கதவை மூடினேன். டிரைவர் சீட்டின் பக்கத்தில் நின்று சீட்டுக் கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"எல்லாரும் காதைத் திறந்து வெச்சுக் கேளுங்க. காலையில போட்ட ஓட்டு தண்ணியில போச்சு. மறுபடி எழுதணும். காலையில எவனுக்குப் போட்டியோ அவனுக்கே போடு. அக்கா பாவம்னு எவனாவது பேரை மாத்தினான்னு தெரிஞ்சுது, நடு ரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிடுவேன். இருபத்திமூணும் என் கைக்கு வந்தாத்தான் சாவி திரும்பும்."

"யோவ், நாலு மணிக்குக் கிளம்பணும்யா!" மேனேஜர் எழுந்தார்.

"நீங்க கத்தற நேரத்துல ரெண்டு பேர் எழுதியிருப்பாங்க சார்."

பின் சீட்டிலிருந்து ஒருவன், "அப்ப அக்கா பையனுக்கே மொத்தமா குத்திடலாம்டா, நமக்கு இனிமே சட்டைக்குக் கஞ்சி நல்லா விழும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நடந்து அவன் சீட்டுக்குப் போய் நின்றேன்.

"உன் கல்யாண மோதிரத்தை எடுத்துக் குடுத்தது யாரு?"

அவன் தலையைக் குனிந்தான். பேனா எடுத்தான். அதன் பிறகு பஸ்ஸில் தாளில் பேனா உராய்கிற சத்தம் மட்டும்தான்.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இருபத்திரண்டு வந்துவிட்டது. ஒன்று வரவில்லை. எங்கள் இடதுபக்க விங்கர், நடையை வைத்து வாத்து என்று கூப்பிடுவோம், பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். போட்டியில் இருக்கிற நாலு பேரில் அவனும் ஒருவன். எங்கள் இருபத்திமூன்று ஓட்டும் அவனுக்கு விழாது, அவன் எதிரிகளுக்குத்தான் விழும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நாம மொத்தமா அனுப்பலைன்னா எனக்குத்தானே நல்லது?"

அவன் சொன்னதில் தப்பும் இல்லை. ஒரு சீட்டு குறைந்தாலும் செயலாளர் அம்மா திருப்பி அனுப்புவார். கேப்டன் அவனைப் பார்த்தான். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

வாத்து என் கையைப் பார்த்தான். "ச்சே" என்றான். தொடையில் வைத்து வேகமாகக் கிறுக்கி, மடித்து, என் உள்ளங்கையில் அடித்தான். "சீக்கிரம் ஓட்டுய்யா, கிழவா."

உறையை மூடி நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் டேப்பின்மேல் போட்டான். மணி நாலு ஆறு.

வேனில் போய்வந்து பஸ் எடுக்க நேரமில்லை, அணியோடு பஸ்ஸையே அங்கே விட்டேன். பஸ் வேன் இல்லை. ஐம்பது சீட்டு உடம்பு. சந்தைத் தெருவில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே நின்றது. கேப்டனும் நாலு பேரும் இறங்கிப் பெட்டிகளை ஓரமாகத் தூக்கிப்போட்டார்கள். ரவுண்டானாவில் ஏழு நிமிடம் போனது. சங்கத் தெருவுக்குள் பஸ் நுழையாது என்று தெரிந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று. முனையிலேயே நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இறங்கி ஓடினேன். முழங்கால் போன ஆள் நான். பின்னாலிருந்து பஸ் முழுக்க ஜன்னலைத் தட்டிக் கத்தியது: "ஓடுங்க, ஓடுங்க!" மைதானத்தில் எனக்கு ஒருநாளும் கிடைக்காத கைதட்டு.

இரண்டாம் மாடியில் அக்கா அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்தாள். செயலாளர் அம்மா டேப்பைத் தடவினார், கையெழுத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். நாலு ஐம்பத்தாறு.

"வேர்வையில நனைச்சுடாதீங்க" என்றார் என்னிடம்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. விருது வேறொருவனுக்கு, லீக் ஜெயித்த அணியின் நடு ஆட்டக்காரன் ஒருவனுக்கு. அக்காவின் மகன் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாமிடம். வாத்து மூன்றாமிடம், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திரிந்து, மூன்றாம் நாள் வழக்கம்போல் சேற்றுச் சட்டையை அக்காவின் மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனான்.

அச்சடித்த தாளை நான்தான் சலவை அறைக்கு எடுத்துப் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எங்கள் கிளப் வரியில் விரலை வைத்தாள். இருபத்திமூன்றில் பதினாலு, அவள் மகனுக்கு.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை.

"நீங்க பஸ்ல ஏதாவது சொன்னீங்களாண்ணே?"

"மாத்தினா இறக்கிவிடுவேன்னு சொன்னேன்."

"சொன்னா மட்டும்? பாவம்னு போட்டிருப்பாங்க. முதல்ல எத்தனைன்னு யாருக்குத் தெரியும்? கிழிச்சுப் போட்டாச்சே."

தாளை மடித்து ஏப்ரன் பையில் வைக்கப் போனாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"பதிமூணு" என்றேன்.

"என்னது?"

"முதல் தடவை. காஞ்ச இருபத்திரண்டுல பதிமூணு உங்க பையன் பேரு. ஒண்ணு கூழாப் போச்சு. அந்தக் கூழு யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியாது."



"கண்ணாடி பஸ்ல இருக்குன்னு சொன்னீங்க!"

"இருந்துச்சு. பெருசாத்தான் எழுதியிருந்தாங்க."

"பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! செயலாளர் அம்மா கேட்டப்ப கூரையைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே, மனுஷனா நீங்க!" பக்கத்தில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து என் தோளில் ஓங்கி ஓர் அடி. இரண்டாவது அடி. மூன்றாவதுக்குக் கை தூக்கினவள் தூக்கினபடியே நின்றாள். வலதுபக்க மெஷின் கடைசி சுற்றுக்கு வந்து கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அவள் போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"பதிமூணு."

"சத்தமா சொல்லுங்க. மெஷின் சத்தத்துல கேக்கலை."